தேய்த்தே தீர்ந்த மோட்டார்

கொல்லிமலைப் பனிக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன், பட்டக்காரரே? இந்த மலைநாட்டுக்குத் தலைவர் நீங்கள் கேட்பதனால் சொல்கிறேன். இங்கே துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டியதில்லை. பனியின் மேலேயே மாட்டிவிடலாம். நான் காட்டிலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அடிவாரத்துக் காரவள்ளிச் செங்கோட்டையன் காரை மேலே கொண்டுவந்தது நல்ல காரியத்துக்குத்தான். அவர் மனைவி கருப்பாத்தாளுக்கு முழங்கால் மடங்காது. ஆடிப் பதினெட்டன்று அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் அந்த அம்மாளைக் காரில் கொண்டுபோய் இறக்குவதாக வேண்டுதல். மலையேற ரோடு ஏது? அம்மாளை டோலியில் தூக்கிவந்து மேலே அவருடைய மிளகுத் தோட்டத்து வீட்டில் இறக்கினார்கள். காரைப் பிரித்து மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். எஞ்சின் வந்து சேர்வதற்குள் அடிவாரத்தில் பிறந்த குழந்தை நடக்கப் பழகிவிட்டது.

தோட்டத்திலிருந்து கோயில்வரை வண்டித்தடம் உண்டு. பிரித்ததைத் திரும்பப் பூட்டினால் கார் ஓடும். ஆனால் கதவு, மட்கார்டு, பானெட் எல்லாம் பழைய பெயின்ட் பொரிந்து, மேலாகத் துரு. சுத்தம் செய்து புதுப் பெயின்ட் அடிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். மலையிலேயே சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தானே. எடப்புளி நாட்டில் நான் மணியடித்தால் பக்கத்து ஆலத்தூர் நாட்டில் கோழிகள் ஒதுங்கும். ஊரே பின்னால் ஓடிவரும். கார் வந்தபின் யாரும் வரவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுண்ணாம்பும் சலவைச்சோடாவும் குழைத்துப் பூசினேன். பெயின்ட் பால் ஆடைபோலச் சுருண்டு வந்தது. துருவைத் தேய்க்கக் கண்ணாயியும் அத்தாயியும் வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நோம்பித் திருநாளுக்குப் பித்தளைப் பாத்திரம் விளக்குவதுதான்: புளி, செங்கல்தூள், முகம் தெரியும்வரை தேய், தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்து வை. கதவைப் பார்த்து அத்தாயி தலையே வாரிக்கொண்டாள்.

“ஏனுங்க குமாஸ்தா, போதுங்களா?”

“கவுத்து வெச்சுட்டுப் போ, கண்ணு.”

இரும்பு பித்தளையல்ல. இந்தப் பனியில் ஈரத்தோடு விட்டால் விடிவதற்குள் சிவந்துவிடும். துடைத்து விளக்கெண்ணெய் தடவினால் போதும். எனக்குத் தெரியும். அவர்கள் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

காலையில் கதவு செக்கச்செவேலென்று இருந்தது.

“நேத்துப் பளபளன்னு இருந்துச்சுங்களே. பேய் கீய் புடிச்சிருக்குமோ?” என்றாள் அத்தாயி.

“நீ தேய்ச்சது பத்தலடி. உன் மாமியாளை நெனச்சுத் தேயி,” என்றாள் கண்ணாயி.

மாமியாரை நினைத்ததும் இரும்பு பறந்தது. மறுநாள் மறுபடி துரு, மறுபடி புளி. காரவள்ளியில் ரசம் வைக்கப் புளி கிடைக்காமல் போயிற்று. கதவு தோசைக்கல் கனத்திலிருந்து அப்பளக் கனத்துக்கு வந்தது. நான் நிழலில் உட்கார்ந்து, “இன்னுங் கொஞ்சம், சாமி,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அத்தாயியின் கை கதவைத் தாண்டிவிட்டது.

“ஏய், அந்தப் பக்கம் என் வளையல் தெரியுதா?”

“வளையலென்ன, நீயே தெரியறே.”

ஆடிப் பதினெட்டு விடிந்தது. செங்கோட்டையன் வந்து பானெட்டைத் தூக்கினார். கைப்பிடி மட்டும் வந்தது. கத்துவார் என்று பார்த்தேன். துண்டை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து கருப்பாத்தாள், “ஏனுங்க, பொறப்படலாங்களா? நான் பொடவை மாத்திட்டேனுங்க,” என்றார்.

அப்போதுதான் நான் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். வேறு யாருக்கு அந்த மனசு வரும்? அம்மாளைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்தேன். முழங்கால் மடங்காததால் இரண்டு கால்களும் ஏர்க்கால்போல நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நாட்டு ஜனமும் பின்னால் ஓடிவந்தது. வழியெல்லாம் மணியடித்தேன். அந்த அம்மாள் என் சட்டையைப் பிடித்தபடி கோயில்வரை அழுதுகொண்டே வந்தார். சந்தோஷத்தில்தான்.

நான் எடுக்கச் சொன்னது துருவை மட்டும். எடுக்க எடுக்க அந்தக் காரில் வேறொன்றும் மிஞ்சாததற்கு நான் என்ன செய்வேன்? எண்ணெய் விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். தினமும் சொல்லத்தான் நினைத்தேன், வயசாகிவிட்டதல்லவா, மறந்துபோயிற்று.

விசாரணை முடிந்ததென்றால் நான் வருகிறேன், பட்டக்காரரே. பனி இறங்குகிறது. சைக்கிளைத் துடைத்து விளக்கெண்ணெய் தடவ வேண்டும். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.