தட்டிக்குப் பின்னால் ஓர் இலை

மீன் சாப்பிட்ட இலையில் மோர் ஊற்றக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் பொன்னையன்தான். அதுவரை எந்தச் சாப்பாட்டையும் மோர் இல்லாமல் முடித்து எனக்குப் பழக்கமில்லை.

உட்காருங்கள் தம்பி. நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். எல்லைக்கோடும் போட்டாயிற்று, விளவங்கோடு உங்கள் பக்கம் போயிற்று, நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். தமிழ்நாட்டோடு சேர நடந்த போராட்டத்தில் இறந்தவர்களுக்குக் கல் நடப்போவதாகச் சொல்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அதில் பொன்னையன் பெயரை, பஸ்ஸை எரித்த வீரன் என்று வெட்டப்போகிறீர்களாமே, அதில்தான் எனக்கு ஆட்சேபம். நான் சர்க்கார் ரிக்கார்டு ஆபீசில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். தப்பான விவரம் காகிதத்தில் ஏறினாலே எனக்குப் பொறுக்காது. நீங்கள் கல்லில் ஏற்றுகிறேன் என்கிறீர்கள். பஸ் எரிந்த நேரத்தில் பொன்னையன் எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொழும்பில் பெரிய ஹோட்டலில் துரைமார்களுக்குச் சமைத்துப் பேர் வாங்கியவன். திரும்பி வந்து உதியன்குளங்கரை பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே ஓலைக் கொட்டகை போட்டு மீன் சாப்பாட்டுக் கடை திறந்தான். திருவனந்தபுரத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். பூவாரிலிருந்து காலையில் வரும் மீன் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். நாங்களோ சைவர்கள். எங்கள் வீட்டில் மீன்காரி தெருவில் கூவினால் ஜன்னலைச் சாத்துவோம். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் எனக்கு ஒரு வயல் வழக்கு இருந்தது. பஸ்ஸுக்காக அந்தக் கடைக்கு எதிரே நிற்க வேண்டியிருந்தது. தேங்காய் வறுக்கிற வாசனைக்கு சைவம் ஏது, அசைவம் ஏது? ஒருநாள் பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

பின்பக்கமாகப் போய் நின்றேன். பொன்னையன் என் நெற்றி விபூதியைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அடுப்பங்கரையை ஒட்டி ஒரு தட்டியை மறைத்துவைத்து, அதற்குப் பின்னால் இலை போட்டான்.

"பயப்படாண்டாம் பிள்ளைவாள். எனக்க எலையில உண்டவன் பேரு எனக்க வாயில வராது. இது நம்ம தொழில் தர்மமாக்கும்" என்றான்.

முருங்கைக்காயும் மாங்காயும் போட்ட நெய்மீன் குழம்பு, அவித்த மரச்சீனிக் கிழங்கு. என் வயதில் அழக் கூடாது, ஆனால் கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு நாள் என்னை ஏமாற்றிவிட்டார்களே என்று முன்னோர்கள்மேல் கோபமாகக்கூட இருந்தது. அதன்பிறகு என் வழக்குக்கு அடிக்கடி வாய்தா விழுந்தது. சாப்பிட்டதும் நாரத்தை இலையைக் கசக்கிக் கையில் தேய்த்து, விபூதியைப் புதிதாகப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

அந்த ஆடி மாதம் உங்களுக்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து, ஊரெங்கும் போலீசாக இருந்தது. பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. பொன்னையன் கடையில் நான் ஒருத்தன்தான். அன்றைக்கு வாளை மீன். பழக்கமில்லாத வாய், முள் தொண்டையில் குத்திக்கொண்டது. மூச்சு முட்டி நான் தட்டியோடு சரிந்தேன். பொன்னையன் பொரித்துக்கொண்டிருந்த சட்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தான். திரும்பிய வேகத்தில் சட்டி சாய்ந்து, கொதித்த எண்ணெய் அவன் வலதுகையில் முழங்கை வரை கொட்டிவிட்டது. அந்தக் கையாலேயே சோற்றை உருட்டி என் வாயில் வைத்தான்.

"மெல்லாண்டாம். அப்படியே விழுங்குங்க, கேட்டியளா?"

விழுங்கினேன். முள் இறங்கியது. அதே நேரத்தில் ரோட்டில் கூச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தால் வளைவில் ஒரு பஸ் எரிகிறது. நான் பின்பக்க வழியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பொன்னையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கை வெந்தவன் ஊரில் அவன் ஒருத்தன்தானே. அவன் மனைவி குமாரி என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள்.

"பிள்ளைவாள் ஒரு வார்த்தை சொன்னா மதி, அவரை விட்டிருவாவ. எண்ணெ கொட்டினதை நீங்கதானே கண்டிய" என்றாள்.

வருகிறேன் என்று சொன்னேன். போகவும் செய்தேன், வார்த்தை தவறுகிறவன் இல்லை நான். ஆனால் வழியெல்லாம் என் மகள் உமையம்மாளின் நினைப்புத்தான். வடிவீசுவரத்தில் அவளுக்குச் சம்பந்தம் நிச்சயமாகியிருந்தது. வெங்காயம் உரித்த கத்தியைத் தனியாக வைக்கிற வீடு. பெண்ணின் அப்பன் மீன்கடைத் தட்டிக்குப் பின்னால் கிடந்தான் என்று கேள்விப்பட்டால் அவள் கதி என்ன? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். எனக்கு நாற்காலி போட்டார். பொன்னையன் சுவரில் சாய்ந்து நின்றான். கையில் வாழை இலை சுற்றியிருந்தது.

"சாப்பிட யாரோ இருந்ததாகச் சொல்கிறான். யார் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். நீங்கள்தான் என்றால் இப்போதே விட்டுவிடுகிறேன்" என்றார்.

"நான் சைவன். மீன் கடையில் எனக்கென்ன வேலை?" என்றேன்.

அந்தப் புண் எப்படிப்பட்டது என்று கேட்டார். பெட்ரோல் தீ பட்டதுபோல இருக்கிறது என்றேன். பெட்ரோல் சுட்ட புண்ணை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பொன்னையன் என்னையே பார்த்தான். நான் விபூதியைச் சரிசெய்துகொண்டேன். பிறகு அவன் இன்ஸ்பெக்டரிடம், "பிள்ளைவாள் சொன்னது நேராக்கும். அவிய சைவம். நம்ம கடையில கேறினதேயில்லை" என்றான்.

பாருங்கள், அவனே ஒப்புக்கொண்டான். அதற்குமேல் நான் எதிர்த்துச் சொல்ல என்ன இருக்கிறது?

அந்த வாரக் கடைசியில் உடலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நெஞ்சுவலி என்றார்கள். துஷ்டி கேட்கப் போனேன், ஊரோடு ஒத்துப் போக வேண்டுமே. குமாரி தலைவிரி கோலமாக எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"பிள்ளைவாளுக்குத் தொண்டை இப்ப கொள்ளாமா?" என்று கேட்டாள்.

கொள்ளாம், சரியாகிவிட்டது என்றேன். அந்த நேரத்திலும் என் சுகத்தை விசாரித்தாள். நல்ல குணமுள்ள பெண்.

ஆவணியில் உமையம்மாள் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. இப்போது பேரன் இருக்கிறான். நான் அதன்பிறகு மீன் தொடவில்லை. பொன்னையன் கைப்பக்குவம் வேறு எங்கே கிடைக்கும்?

ஆகவே, தம்பி, பஸ் எரித்தவன் என்று கல்லில் வெட்டாதீர்கள். சமையல்காரன், குற்றம் செய்யாதவன் என்று வெட்டுங்கள். அப்படியானால் அவன் எப்படிச் செத்தான் என்று யாராவது கேட்டால், இந்தத் தாணுலிங்கம் பிள்ளை பொய்ச்சாட்சி சொல்லிக் கொன்றான் என்று தாராளமாகச் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி இருக்கட்டும், நான் மறுக்க மாட்டேன்.

ஒரே ஓர் உபகாரம் மட்டும் வேண்டும். அன்றைக்கு அவன் எனக்குப் பரிமாறியது சோறும் சாம்பாரும் என்று போட்டுக்கொள்ளுங்கள்.