எழும்பாத பாதம்

— இன்னொரு தடவை பண்ணுங்கம்மா. முட்டியை மடக்க வேண்டாம், பாதத்தை மட்டும் உங்க முகத்துப் பக்கமா தூக்குங்க.

— தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டர். அது கேக்க மாட்டேங்குது. யாரோட காலோ மாதிரி கிடக்கு.

— சும்மா அவங்களைப் போட்டுப் படுத்தாதீங்க டாக்டர். இடுப்பு மூட்டு மாத்தறதுக்கு முந்தி எங்கம்மா நொண்டியாவது நடந்தாங்க. உள்ள நரம்பை வெட்டிட்டீங்க, ஒத்துக்கங்க.

— வெட்டலைங்க. இப்பத்தான் ஸ்கேன் பார்த்தேன், நரம்பு முழுசா இருக்கு. பாருங்க, மூட்டைப் பொருத்தும்போது காலைக் கொஞ்சம் இழுப்போம். எல்லாருக்கும் நரம்பு அதைத் தாங்கும். இவங்களுக்குத் தாங்கலை. ஏன்னுதான் புரியலை.

— புரியலையாம்! கேட்டியாம்மா?

— நீ கொஞ்சம் வாயை மூடு கண்ணு. அவர் கண்ணைப் பாரு, மனுஷன் தூங்கவே இல்லை.

— அம்மா, இதுக்கு முன்னாடி எப்பவாவது கையோ காலோ மரத்து, அப்படியே வேலை செய்யாம போனது உண்டா?

— அது எல்லாருக்கும் வர்றதுதானே? பஸ்ல ஜன்னல் கம்பி மேல கையை வெச்சுத் தூங்கிட்டேன்னா ஒரு மாசம் சீப்பைப் பிடிக்க முடியாது. ஒருதரம் கால் மேல கால் போட்டுக்கிட்டு முழுப்படம் பார்த்தேன். அப்புறம் பல வாரம் செருப்பு கழண்டு கழண்டு விழுந்துது.

— எல்லாருக்கும் அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்மா.

— அப்படியா? எனக்கு எப்பவும் இப்படித்தானே. இதைப் போய் யார்கிட்ட சொல்றது?

— நான் கேட்டிருக்கணும். சர்க்கரை கேட்டேன், பிரஷர் கேட்டேன், இதைக் கேக்கலை. பாருங்க, இது ரொம்ப அபூர்வமான நரம்புக் கோளாறா இருக்கலாம். லேசா அழுத்தினாலே, இழுத்தாலே நரம்பு வேலை செய்யாது. ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரியும்.

— அதெல்லாம் இருக்கட்டும். எங்கம்மா நடப்பாங்களா மாட்டாங்களா?

— பெரும்பாலும் தேறிடும். மாசக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் பாதத்தைத் தாங்கற பட்டை போட்டு நடக்கணும். முழுசா சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

— பட்டை போட்டா என்ன, நடந்தா சரி. ஏன் கண்ணு, திடீர்னு உக்காந்துட்டே?

— டாக்டர்... இது பொறப்புலேயே வர்றதா?

— ஆமா. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஏன் கேக்கறீங்க?

— அம்மாவை இங்க சேர்த்த அன்னிக்கு அவங்க பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்ததுலேருந்து எனக்கு வலது கையைத் தூக்க முடியலை, டாக்டர். இன்னிக்குக் காலையிலகூட வேன் நிறையக் குழந்தைங்களை ஏத்திக்கிட்டு, ஒத்தைக் கையால ஓட்டிப் போய் ஸ்கூல்ல விட்டுட்டு வந்திருக்கேன்.