மாடு மிதித்த தடம்

— காலையில போனவங்க தடத்து மேல மந்தை முழுசையும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டிட்டேன் தம்பி. இனி அந்தத் தெற்கத்தி வெள்ளைக்காரப் பட்டாளம் மூக்கைத் தரையில தேச்சுக்கிட்டு வந்தாலும் ஒரு குதிகால் தெரியாது. நீ ஏன் குனிஞ்சு குனிஞ்சு சாணியைப் பாக்கறே?

— தடத்தைத் தேடறேன் அக்கா.

— அதான் அழிச்சாச்சுங்கறேனே! உன் கூட்டாளிங்க தடம்தானே? பட்டாளத்தை எதிர்த்துச் சண்டை போடற நம்ம பசங்க எல்லையைத் தாண்டி அங்கோலாவுக்குள்ள வந்தா, பின்னாடியே மாட்டை விடறது நான்தான். ஹிலேனின்னு கேட்டுப் பாரு, இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். உன் பேரென்ன?

— ஹாமுக்வாயா. அக்கா, காலையில வந்தவங்க நம்ம பசங்க இல்ல.

— போடா. நம்ம சட்டை, நம்ம பூட்ஸ், நம்ம பேச்சு. என் கம்புக்கூழைக் குடிச்சுட்டு உப்பு பத்தலைன்னு வேற சொன்னானுங்க.

— சட்டை செத்தவன்கிட்ட உருவினது. பேச்சு... பேச்சு அவங்களோடதுதான். பட்டாளத்துக்கு வேலை செய்யற நம்ம ஆளுங்க. எல்லை ஓரத்துல எங்க ஆள் ஒருத்தனைத் தூக்கிட்டாங்க. சாயங்காலம் ஹெலிகாப்டர் வந்து ஏத்திக்கிட்டுப் போயிடும்.

— யாரையும் தூக்கிட்டு வரலையே. எல்லாரும் தன் காலாலதான் நடந்து வந்தாங்க. ஒருத்தனை மட்டும் ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சிருந்தாங்க. காய்ச்சலாம். போர்வை சுத்தியிருந்தான்.

— கை வெளியில தெரிஞ்சுதா?

— இல்ல.

— பேசினானா?

— இல்லையே. புளிச்ச பால் குடுத்தேன், முழங்காலால குடுவையைத் தட்டிவிட்டான். மழையில்லாத வருஷத்துல குடுத்த பாலைக் கொட்டறியே, நீ என்ன ஜென்மம்னு திட்டினேன். என்னையே பாத்துட்டிருந்தான் தம்பி. கண்ணை எடுக்கல.

— கையால இல்ல, முழங்காலாலயா?

— ஐயோ. எனக்குச் சொல்லத்தான் கொட்டினானா?

— தெரியலக்கா.

— அந்தக் கண்ணைப் பாத்துக்கிட்டே திட்டினேனே! போதாததுக்கு அவன் தடத்தையும் நானே... அவனை என்ன பண்ணுவாங்க?

— முதல்ல அடிப்பாங்க. அப்புறம் தண்ணி குடுப்பாங்க. அப்புறம் அவன் சட்டையையே துவைச்சு அவன் கையில குடுத்து, போட்டுக்கிட்டு எங்களோட வர்றியா, குழிக்குப் போறியான்னு கேப்பாங்க.

— நம்ம பையன் குழியைத்தான் கேப்பான்.

— போறப்ப எல்லாரும் அப்படித்தான் நினைச்சுட்டுப் போறாங்க.

— அந்தச் சட்டையை வாங்கிப் போட்டவனையும் ஒருத்தி பெத்திருப்பாளே. அவ என்ன சொல்லுவா?

— செத்துட்டான்னு சேதி போயிருக்கும். அழுது முடிச்சிருப்பா.

— இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— கேள்விப்பட்டதுதான்... பால் மிச்சம் இருக்காக்கா?

— இந்தா. மெதுவாக் குடி. என்னடா, ஒரு வாய்கூடக் குடிக்காம குடுவையைத் திருப்பித் தர்றே?

— நான் கிளம்பறேன்.

— கிளம்பறியா? அவங்க எந்தப் பக்கம் போனாங்கன்னு நீ கேக்கவே இல்லையே?

— வேணாம். மெதுவாப் பேசுங்க. யார் வந்து கேட்டாலும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும்.

— இது என்ன பேச்சு? நான் கெடுத்ததை நான்தானே சரி பண்ணணும்.

— உங்க காலைப் பிடிச்சுக்கறேன். வாயைத் திறக்காதீங்க.

— கோபமா? இருக்கும். இருக்கட்டும். மேற்கே, ரெட்டை மருலா மரத்தடியில ஒரு பாழுங்கிணறு. வெயில் தாழற வரைக்கும் அங்கதான் படுத்திருப்பாங்க. அந்த இடத்தைக் காட்டிக் குடுத்ததும் நான்தான். ஓடு தம்பி, அந்தப் பிள்ளையை மீட்டுடு. ஏன் நின்னுட்டே? அழறியா என்ன?

— சத்தமாச் சொல்லிட்டீங்களேக்கா.

— சொன்னா என்ன? மாட்டைத் தவிர இங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு?

— கேட்டுச்சு ஹாமுக்வாயா, நீ கெஞ்சினதும் சேத்து. காய்ச்சல்காரனைக் கைதியாக்கி நல்லாத்தான் கதை கட்டினே. உன் பழைய கூட்டாளிங்களைப் பிடிக்க வண்டியெல்லாம் மேற்கே திரும்பியாச்சு. உன் சட்டைக்குள்ள இருக்கற ரேடியோவை அணைச்சுட்டு, நாங்க வர்ற வரைக்கும் அந்தப் பொம்பளையை அங்கயே பிடிச்சு வை.