நடுவில் நின்றவர்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் பி.யு.சி. படிக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் பௌதிகப் புத்தகம். மற்றவள் சொல்லிக்கொடுத்தாள்.

"ரெண்டு கயிறு ரெண்டு பக்கம் இழுத்தா, பொருள் நடுவாலதான் போவும்டி."

"அப்ப எங்கப்பாவ யாரும் கொல்லல."

"இன்னாடி சொல்ற?"

"தென்ன மரத்த வெட்டறப்ப, தறி வீட்டு மேல சாயக்கூடாதுன்னு அதுல கயிறு கட்டி, பெரிய மாமா ஒரு பக்கம், சின்ன மாமா ஒரு பக்கம் இழுத்தாங்க. நடுவுல யாரும் இழுக்கலியேன்னு அப்பா அங்க நின்னுகினு இருந்தாரு."

பஸ் கண்ணமங்கலத்தில் நின்று கிளம்பியது.

"யாரு அப்பா பக்கம் இழுத்ததுன்னு அம்மா இன்னும் கேட்டுகினே இருக்குது. ரெண்டு மாமாகிட்டயும் பேசறதில்ல."

"இத அம்மாகிட்ட சொல்லேன்."

"பெரிய மாமா போன மாசம் செத்துட்டாருடி. எழவுக்குக்கூட அம்மா போவல."