இருளப்பன் உட்கார்ந்த நாள்

நம்ம கருங்கிணத்துப்பட்டிக்கு ரோடு வராத, கரண்டு வராத காலத்திலே, இருளப்பன்னு ஒரு மனுசன் இருந்தாராம். கமலை இறைக்கிறதுதான் பிழைப்பு. காளைகளைச் சரிவிலே முன்னும் பின்னும் நடத்தி, சாலுங்கிற பெரிய வாளியிலே கிணத்துத் தண்ணியை மேலே கொண்டு வரணும். ஆறாவது பிரசவத்திலே பொண்டாட்டி போயிட்டா. அன்னைக்கிலேருந்து மனுசன் உட்காரவே இல்லையாம். நின்னுக்கிட்டே கஞ்சி குடிப்பாராம். நடந்துக்கிட்டே கைப்பிள்ளையைத் தூங்க வைப்பாராம். உட்கார்ந்தா, காளை இறங்கும்போது கமலை வடத்து மேலே உட்கார்றதுதான்.

மூத்த மகள் ஆவுடைக்கு ஆனி பத்தாம் தேதி கல்யாணம். பொண்ணு கையிலே தண்ணி விட்டுத் தாரை வார்க்க யார் உட்கார்றது? பொண்டாட்டி செத்தவன் மணையிலே உட்காரக் கூடாதுன்னு ஊர் சொல்லிச்சாம். அவர் தம்பி கோமதிமுத்து இருக்காரே, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஒரு வாய் கஞ்சி ஊத்தாதவரு, புதுவேட்டி கட்டி, பொண்டாட்டியோட வந்து உட்கார்ந்துட்டாராம். இப்பவும் அந்த வகையறா, எங்க தாத்தாதான் தாரை வார்த்தாருன்னு சொல்லித் திரியுது. சொல்லட்டும். அவங்க வாசலை மிதிச்சு எனக்கு முப்பது வருசமாச்சு.

மணைக்கு வந்த ஆவுடை சித்தப்பனைப் பார்த்தாளாம்.

"எங்கப்பா எங்க?"

"அண்ணன் கிணத்துக்குப் போயிட்டாரு. நீ கையை நீட்டு தாயி, நேரம் போகுது."

நீட்டலையாம். மாலையோட எழுந்து நடந்தாளாம். கூடவே ஊரும் நடந்துச்சாம். அங்கே கிணத்தடியிலே இருளப்பன் காளையோட ஏறுறாரு, இறங்குறாரு, ஏறுறாரு, இறங்குறாரு. ஆவுடை போய் காளை இறங்குற சரிவிலே குறுக்கே உட்கார்ந்துட்டாளாம்.

"ஏளா, விலகு. மாடு மிரளும்."

"நீ உக்காந்தாத்தான் எந்திரிப்பேன்."

"நான் உக்காந்தா உனக்கு ஆகாதும்மா. உங்காத்தாளைக் குழியிலே வச்ச கை இது."

"அந்தக் கைதான் ஆறு பேருக்கும் சோறு ஊட்டிச்சு. சித்தப்பன் கையா ஊட்டிச்சு?"

கோமதிமுத்து வேட்டியைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டாராம்.

வடம் விறைச்சு நிக்குது. சால் பாதிக் கிணத்திலே தொங்குது. மாப்பிள்ளையோட அப்பன், "நேரம் தப்புனா நாங்க வண்டியைப் பூட்டுதோம்"னு கத்துறாராம். இருளப்பனுக்குக் கால் ஒரு இடத்திலே நிக்கலை. இந்தப் பக்கம் ரெண்டு எட்டு, அந்தப் பக்கம் ரெண்டு எட்டு.

அப்பத்தான் மாப்பிள்ளை வெள்ளத்துரை வந்து மூக்கணாங்கயித்தைப் பிடிச்சாராம்.

"காளையை நான் பாத்துக்கிடுதேன் மாமா. நீங்க உக்காருங்க."

இருளப்பன் கிணத்தடிக் கல்லிலே பாதி உட்கார்ந்தாராம். உடனே எழுந்தாராம். "சாலு தொங்குதும்மா." மாப்பிள்ளை காளையை ஆவுடைக்குப் பக்கவாட்டிலே ஓட்டிச் சாலை மேலே ஏத்திக் கொட்டினாராம். மறுபடி உட்கார்ந்தாராம். ஆவுடை எழுந்து வந்து கையை நீட்டினாளாம். அந்தத் தண்ணியைக் கையிலே அள்ளி மகள் கையிலே வார்த்தாராம்.

"எந்திரிக்கட்டுமா?"

"இன்னும் இல்லப்பா."

"இப்ப?"

"உக்காரு."

அதிலிருந்துதான் ஆனி பத்து நம்ம ஊருக்கு அப்பன் நாள். அன்னைக்கு ஏர் பூட்டுறதில்லை, மோட்டார் போடுறதில்லை. கட்டிக் கொடுத்த பிள்ளைகள் எல்லாம் வந்து, அப்பனைக் கிணத்தடிக் கல்லிலே உட்கார வச்சுக் கையிலே தண்ணி வார்க்கணும். பிள்ளை எந்திரின்னு சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. ஒருத்தனாலும் சும்மா உட்கார முடியறதில்லை. வானத்தைப் பார்ப்பான், மாட்டைப் பார்ப்பான், முழங்காலைத் தேய்ப்பான். ஆனா ஒண்ணு. பொண்டாட்டி செத்தவன் முதல்லே உட்காரணும். அவன் உட்கார்ந்த பிறகுதான் மத்தவன் உட்காரலாம்.