அரிசி வைத்த தட்டு

சதுரத் தட்டு செய்யச் சக்கரம் வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. களிமண்ணைச் சாக்கில் வைத்து, இரு பக்கமும் ஒரே கனத்தில் பிரம்பு போட்டு, போத்தலால் உருட்டித் தகடாக்க வேண்டும். ஓரத்தைக் கிள்ளித் தூக்கிவிட்டால் ஜப்பான் தட்டு. யாருக்கும் வரும். காப்ரியலுக்கே வந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் எஸ்டேட் சூளையில் ஓர் ஆபீசர் செய்வதைப் பார்த்து நான் பழகினேன். என்னிடமிருந்து பக்கத்து வீட்டுக் காப்ரியல் பழகினான்.

போன வருஷம், லயத்துப் பெண்களுக்குத் தட்டு செய்யக் கற்றுத்தர துரைசாணி ஆள் தேடினார். காப்ரியல் போய் நின்றான். நானும் பின்னால் நின்றேன்.

“யாருப்பா சொல்லிக்கொடுத்தது?” என்றார் கணக்கெழுதும் கிராணி.

“நானாத்தான் கத்துக்கிட்டேன் லா.”

வேலை அவனுக்கே கிடைத்தது. வெளியே வந்ததும், என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கோவிச்சுக்காத ஹியூபர்ட்டு. துரைசாணி ஜப்பான்காரன் ஜெயில்ல கெடந்தவங்க. ஒன் பேரச் சொன்னா, எவன்கிட்டக் கத்துக்கிட்டன்னு நோண்டுவாங்க. ஒன்னையக் காப்பாத்திவிட்டா மொறைக்கிற?”

நான் முறைக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் களிமண் பிசைந்தேன்.

முள்வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக் கூடாது, காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சேர்ந்துவிடும் என்பது உங்கள் சட்டம். சூளையோ வேலிக்கு வெளியே. சுடாத பச்சைத் தட்டுகளைக் காப்ரியல்தான் கூடையில் கொண்டுபோவான். ஒரு தகட்டில் அரிசியைப் பரப்பி, மேலே இன்னொரு தகட்டை வைத்து, ஓரத்தை ஒட்டிக் காயவைத்தேன். பெண்கள் செய்த தட்டுகளோடு அதையும் சேர்த்தேன். கை பழகாதவர்கள் தட்டு தடியாகத்தான் இருக்கும். அவன் சந்தேகப்படவில்லை.

வேலி கேட்டில் காவல் நிற்கும் முருகையா அண்ணனிடம், தட்டுக்குள் அரிசி போகிறது என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். அவர் தட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்தார். என் தட்டிலிருந்து அரிசி கொட்டியது.

“யாருடா செஞ்சது இது?”

காப்ரியல் உடைந்த ஓரத்தைப் பார்த்தான். நான் கிள்ளும் விதம் அவனுக்குத் தெரியும். சோதனை வரிசையில் நின்ற என்னைப் பார்த்தான்.

“நான்தாண்ணே. வேற யாருக்கும் தெரியாது.”

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து போலீஸ் லோரி வந்தது. ஏறும்போது என் பக்கம் குனிந்தான். “காட்டுக்காரனுங்களுக்கு இனிமே அனுப்பாதடா. மாட்டிக்குவ. மவுரீனையும் புள்ளையையும் பாத்துக்க,” என்றான்.

ஜெயிலில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அவன் மனைவி மவுரீனை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்கிறாள். வகுப்பு இப்போது என்னுடையது.

யாரும் அழைக்காமல் நானே வந்ததற்குக் காரணம் ஒன்றுதான், ஐயா. கோர்ட்டில் அந்தத் தட்டை மேசைமேல் வைத்து, இவ்வளவு நேர்த்தியான ஒட்டு வேலையைப் பார்த்ததில்லை என்று உங்கள் பெரிய ஆபீசரே சொன்னார். செய்தவன் காப்ரியல் என்று எழுதியும் கொண்டார்கள். நான் செய்ததை அவன் தன்னுடையது என்று சொல்லிவிட்டான். எனக்குத் துரோகம் செய்தவன் பெயரை அதிலிருந்து அடித்துவிட்டு, என் பெயரைப் போடுங்கள்.