ஓரத்துச் சூடு

இல்ல ஃபாதர், அந்த மெயில திரும்ப வாங்க மாட்டேன். நீங்க காபியக் குடிங்க, ஆறிரும். அம்மா உங்களக் கூப்பிட்டு விட்டது இதுக்குத்தான்னு கேட்டத் திறக்கையிலயே தெரிஞ்சு போச்சு. பிலோமினா டீச்சர் சொல்லிப் பெத்த மக கேக்கலைன்னா அடுத்து பங்குச் சாமியார்தான். பரவால்ல, கேளுங்க.

சண்டையா? ஸ்டீவுக்கும் எனக்கும் சண்டையெல்லாம் இல்ல. அவன் எழுதின கட்டுரை தப்பு. தப்புன்னு, அதப் போட்ட பத்திரிகைக்கு எழுதிட்டேன். அம்புட்டுதான். என்ன, அவன்னு சொல்லக்கூடாதா? சரி, அவரு. ஆமா, அதுல என் பேரும் இருக்கு. அதனாலதான் எழுதினேன்.

உங்களுக்குப் புரியும், இருங்க. குஜராத்துல நாங்க ரெண்டு பேரும் பாக்குற வேலை என்ன? சூரியனுக்குள்ள நடக்குறத இங்கனயே நடத்தி கரண்டு எடுக்கணும். அதுக்கு ஒரு வாயுவ கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்கணும். அப்படிச் சூடானதத்தான் பிளாஸ்மாங்கிறது. எந்தப் பாத்திரமும் தாங்காது. அதான் காந்தத்தப் போட்டு, சுவத்துல படாம அந்தரத்துல நிறுத்தி வைக்கிறோம். ஆனா சூடு சும்மா நிக்குமா? எலக்ட்ரான் வழியா நழுவி ஓரத்துக்கு வந்துரும். எம்புட்டு வேகமா வருதுன்னு அளக்குறதுதான் என் வேலை. தோசைக்கல்லுக்கு நடுவுல தீய வச்சுட்டு ஓரம் எப்ப சுடுதுன்னு பாக்குற மாதிரி. கையத்தான் வைக்க முடியாது. நடுவுல சட்டுன்னு ஒரு தட்டு தட்டிச் சூட்ட ஏத்திட்டு, உள்ளருந்து வர்ற அலைய வெளிய நின்னு பாக்கணும்.

ஸ்டீவ் என்ன எழுதினாரு? நடுவுல தட்டின அந்த நொடியே ஓரமும் சுடுது, சூடு நடந்தே வரல, இது யாரும் பாக்காததுன்னு எழுதினாரு. எல்லாரும் கைதட்டுனாங்க. ஜெர்மனியில வேலை கெடைச்சதே அத வச்சுத்தான். சிம்மக்கல்ல அவங்கப்பா மொத்தக்கடைக்கு முன்னாடி ஃப்ளெக்ஸே வச்சாரே, நீங்க பாத்திருப்பீங்க. அதுல ஸ்டீவ் சூரியனத் தொட்டுக்கிட்டு நிப்பாரு.

ஆனா ஓரத்துல பிளாஸ்மா ரொம்ப மெல்லிசு ஃபாதர். மெல்லிசான திரைச்சீலைக்குப் பின்னாடி லைட்டப் போட்டா, திரையே எரியுற மாதிரித் தெரியுமில்ல? கருவி ஓரத்தப் பாக்குதுன்னு நெனைச்சா, அது ஓரத்தத் தாண்டி நடுவுலருந்து வர்ற வெளிச்சத்தப் பாத்துருக்கு. இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு மொதல்ல சொல்லிக் குடுக்குறதே அதான், கருவியில ஓரத்தப் பாக்குற கடைசிச் சேனல நம்பாதன்னு. எனக்குச் சந்தேகம் வந்ததே கட்டுரை வந்த பொறகுதான். லேசர விட்டு ஓரத்தத் தனியா அளந்தேன். ஓரம் அது பாட்டுக்குக் குளுந்து போயிக் கெடக்கு.

விட்டுக்குடுத்துப் போறதா? எதுல? மாமியார் வீட்டுச் சாம்பாருல வெல்லம் போடுவாங்கன்னா விட்டுக்குடுக்கலாம். இதுல என்னத்த விட்டுக்குடுக்க? எங்க வீட்டுக்கு மாப்ளயா வாராருங்கிறதுக்காக ஓரம் சுட்டுருமா? நாளைக்கு எவனோ பெரிய உலை கட்டுவான், இந்த அளவ நம்பித்தான் சுவர் என்ன தாங்கும்னு கணக்குப் போடுவான்.

தெரியும், அவங்க வீட்டு ஆளுங்க வந்து பேசிட்டுப் போனாங்க. கட்டிக்கப் போறவன் சோத்துலயே மண்ணள்ளிப் போட்டாள்னாங்க. நான் ரூமுக்குள்ள போயி ஒளியல. அவங்களுக்கும் இதே தோசைக்கல்லத்தான் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல.

தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமா? நல்லாக் கேட்டீங்க. அவருகிட்டத்தான் மொதல்ல சொன்னேன் ஃபாதர். லேசர் படத்த எடுத்துக்கிட்டு கேண்டீனுக்கே ஓடுனேன். மனுசன் பதறுவாரு, ரெண்டு பேரும் சேந்து திருத்தி எழுதலாம்னு நெனைச்சேன். அவரு படத்தப் பாக்கவே இல்ல. எனக்கு எழுதும்போதே தெரியும் ஆஷ்லின்னாரு. வேற யாரு இதப் போயி அளக்கப் போறா, நீதான் கண்டுபிடிப்ப, கட்டிக்கப் போறவ நீயா வெளிய சொல்லப் போறன்னு சிரிச்சாரு.

அழ மாட்டேன், பயப்படாதீங்க. ரயில்லயே அழுது முடிச்சாச்சு. எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும் ஃபாதர். இப்பவும் பிடிக்குது, அதான் இம்புட்டுக் கோவம் வருது.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். அம்மா உள்ள கல்யாணத்துக்கு முறுக்குச் சுட்டுக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கு இன்னும் சொல்லல. ரெண்டு ஞாயிறு பூசையில எங்க கல்யாண ஓலைய வாசிச்சீங்கல்ல, தடை ஏதும் தெரிஞ்சவங்க பங்குத்தந்தைகிட்டச் சொல்லணும்னு. எனக்குத் தெரியும், சொல்லிட்டேன். நாளைக்கு மூணாவது ஓலைய வாசிக்காதீங்க.